மூன்றாவது விசில் வரை

எடுக்கவில்லை. சோபாவில் கவிழ்த்து வைத்திருந்த போன் அதிர்ந்து அதிர்ந்து என் தொடைப்பக்கம் ஒரு விரற்கடை நகர்ந்து வந்து நின்றது. நின்ற பிறகுதான் திருப்பிப் பார்த்தேன். கன்னியம்மா. காலையிலிருந்து மூன்றாவது தடவை. முதல் தடவை பஸ்ஸில் இருந்தேன், ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பை, அது நியாயம். இரண்டாவது தடவை கீழே செக்யூரிட்டியின் நோட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன், அதுவும் ஒருவிதத்தில் நியாயம்தான். 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் பத்ரிநாத், பிராண்ட் மேனேஜர் என்று எழுதிவிட்டு 'எதற்காக' என்ற கட்டத்தின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு நின்றது அந்த மணி ஓயட்டும் என்பதற்காகத்தான் என்றாலும். இந்தத் தடவைக்கு ஒரு நியாயமும் இல்லை. ரிசப்ஷனில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். எதிரே கண்ணாடி அலமாரியில் இந்தக் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து செய்த குக்கர்கள் வரிசையாக இருக்கின்றன, முதலாவது இரும்புக் குண்டு மாதிரி, கடைசி சிவப்பு நிறத்தில் விளையாட்டுச் சாமான் மாதிரி. சுவருக்கு அந்தப் பக்கம் இவர்களுடைய சோதனைச் சமையலறை. அங்கிருந்து விசில் வந்துகொண்டே இருக்கிறது. ரிசப்ஷன் பெண்ணின் காதில் அது விழுவதேயில்லை போலிருக்கிறது. 'சார் மீட்டிங்ல இருக்கார் மேம், பத்து நிமிஷம்' என்றாள். சொல்லி அரை மணி ஆகிறது. ஆகட்டும். இன்னும் அரை மணிகூட ஆகட்டும். ஏசி காற்று நேராகக் கழுத்தில் விழுகிறது, இடம் மாறி உட்காரலாம், மாறவில்லை.

நான் பாத்ரூமைச் சொல்லவில்லை. அதை முதலில் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே போய்ப் பேசும்போதும் சரி, பிறகு தியோடர் சாரிடம் பேசும்போதும் சரி, நான் சொன்னது எது, சொல்லாதது எது என்பது எனக்குத் தெளிவாக இருக்க வேண்டும். மூன்று விசிலைச் சொன்னேன். பாத்ரூமைச் சொல்லவில்லை. பெயரைச் சொல்லவில்லை. பெயரை இந்தக் கம்பெனிக்காரர்களே பிறகு கண்டுபிடித்துக்கொண்டார்கள், மேடையில் கதை சொல்லப்போகிற ஐந்து பேரில் எட்டு வருடம் புருஷனைப் படுக்கையில் வைத்துப் பார்த்தவர் ஒருவர்தானே. அதற்கு நான் என்ன செய்வது. நான் மங்கையர்க்கரசி, வயது நாற்பத்தொன்று, 'ஒன்பது நிமிடம்' அமைப்பில் நிறுவனத் தொடர்புகள். விசிட்டிங் கார்டில் பதவியை அப்படித்தான் போட்டிருக்கிறது. சாதாரண மனிதர்கள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, காகிதம் இல்லாமல், தங்களுக்கு நடந்த ஒன்றை ஒன்பது நிமிடம் சொல்வார்கள். அரங்கில் இருநூறு பேர் கேட்பார்கள். அவ்வளவுதான் நாங்கள் செய்வது. அந்த இருநூறு நாற்காலிக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒரு எண்ணெய்க் கம்பெனியோ பெயின்ட் கம்பெனியோ கூட வர வேண்டும், அவர்கள் பெயர் கதைக்குப் பின்னால் தெரிய வேண்டும், ஆனால் கதைக்குள் நுழையக் கூடாது. அந்த வாசற்படியில் நிற்பதுதான் என் வேலை. ஏழு வருடமாக நன்றாகத்தான் நின்றேன். தியோடர் சார் ரேடியோவில் இருந்து ஓய்வு பெற்று இதைத் தொடங்கியபோது இரண்டு விதிகள்தான் வைத்தார். ஒருவர் மேடைக்கு வருவதற்கு முன் தனி அறையில் ஒரே ஒரு ஆளிடம் கதையை முழுக்கச் சொல்ல வேண்டும், அதற்கு முதல் சொல் என்று பெயர். அதில் எது வேண்டாம் என்று அவர் சொல்கிறாரோ அது அங்கேயே போய்விட வேண்டும், பதிவை அவர் கண் முன்னால் அழித்துவிட வேண்டும். இது ஒன்று. கம்பெனிகளோடு பேசுகிற ஆள் அந்த அறைக்குள் போகக் கூடாது. இது இரண்டு. 'உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல அரசி' என்பார். 'விக்கத் தெரிஞ்ச வாய் கேட்டதை மறக்காது. அது வாயோட குணம்.' நான் சிரிப்பேன். ஆபீசில் எல்லோரும் சிரிப்பார்கள்.

ஜெஸிந்தாவுக்குக் காய்ச்சல் வந்திருக்காவிட்டால். இந்த இடத்துக்குத்தான் திரும்பத் திரும்ப வருகிறேன். ஏதோ அவளைக் கடித்த கொசுதான் இதற்குப் பொறுப்பு என்பது போல. முதல் சொல் கேட்கிற ஆள் ஜெஸிந்தா. மூட்டெல்லாம் வீங்கிப் படுத்துவிட்டாள். கன்னியம்மா வியாசர்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து உட்கார்ந்திருந்தார், திருப்பி அனுப்ப மனசில்லை. 'இன்னைக்கு ஒரு நாள் நீங்க உக்காந்துருங்க' என்றார் தியோடர் சார். 'ஒண்ணும் பேச வேணாம். கதவை மட்டும் நல்லா சாத்துங்க.' அந்த அறைக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளாது. மழையில் உப்பிய கதவு. உள்ளங்கையை வைத்து அழுத்த வேண்டும், கொக்கி விழுகிற சத்தம் கேட்கும், அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் வருகிறவர்கள் பேசத் தொடங்குவார்கள் என்று ஜெஸிந்தா சொல்லியிருந்தாள். அழுத்தினேன். சத்தம் வந்தது. கன்னியம்மா தலையை நிமிர்த்தி, 'சாத்திட்டியா' என்றார். எக்ஸ்போர்ட் கம்பெனியில் முப்பது வருடம் காலர் தைத்தவர், கழுத்து லேசாக முன்னால் குனிந்தேயிருக்கும். சொல்ல வந்தது சவரக் கதை. ஒரு பக்கம் விழுந்துபோன புருஷனுக்குச் சவரம் செய்யக் கற்றுக்கொண்ட கதை. முதல் நாள் மீசையில் பாதியைத் தெரியாமல் எடுத்துவிட்டார், கண்ணாடியைக் காட்டியதும் பேச்சில்லாத அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் நுரையெல்லாம் இவர் புடவையில். நல்ல கதை. சனிக்கிழமை மேடையில் சொல்லப்போவது அதுதான். சொல்லி முடித்துவிட்டு எழுந்திருக்கவில்லை. நான் ஒன்றும் பேசவில்லை, பேசாதே என்றுதானே சொல்லியிருந்தார்கள். மேஜை மேல் அந்தச் சின்னக் கருவியில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. 'ஒரு நா காத்தால' என்றார். 'அவர பாத்ரூம்ல ஒக்கார வெச்சுட்டு குக்கர் வெச்சிருந்தேன். அங்கேந்து கூப்டாரு. பேச்சு இல்லல்ல, க்கா, க்கான்னுதான் வரும். எனக்குக் கேட்டுச்சு. கேக்கலன்னு சொல்லக் கூடாது, நல்லாக் கேட்டுச்சு. மூணு விசில் வுட்டு எறக்கணும். ஒண்ணு வந்துச்சு. அடுப்ப அமத்திட்டுப் போலாம்ல? போவல. நின்னுக்கினே இருந்தேன். ரெண்டு வந்துச்சு. மறுபடியும் க்கான்னாரு. எட்டு வருசம் கூப்ட்ட ஒடனே போய்க்கினே இருந்தேன்மா, அன்னிக்கு இன்னாவோ, மூணும் வரட்டும், அதுக்கப்புறம் போலாம்னு நின்னேன். மூணு வந்துச்சு. போனேன். கீழ கெடந்தாரு.' அந்த மனிதர் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாராம். கன்னியம்மா தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்துக்கொண்டே, 'அத்த எடுத்துடு கண்ணு. எம் பொண்ணு சுகந்திக்குத் தெரியாது. எங்கூட்டாண்ட ஒருத்தருக்கும் தெரியாது. ஏன் சொன்னேன்னே தெரியல. நீ ஒண்ணியும் பேசாம பாத்துக்கினு இருந்தியா, வந்துருச்சு' என்றார். அவர் கண் முன்னாலேயே அழித்தேன். விதிப்படி. அழித்தாயிற்றா என்று இரண்டு தடவை கேட்டார், இரண்டு தடவையும் கருவியைத் திருப்பிக் காட்டினேன், வெறும் சாம்பல் நிறத் திரை. இப்போது நினைத்தால் அங்கே அழிக்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான், அது நான், அது அன்று சாயங்காலம் கைப்பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்து தோசை ஊற்றிச் சாப்பிட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் விசில். ஒரே குக்கரா, வேறு வேறா, தெரியவில்லை. இதே கட்டடத்தில், நாலாவது மாடியில், மூன்று வாரத்துக்கு முன்னால்தான் அந்த மூன்று விசிலைச் சொன்னேன். பத்ரிநாத் நல்ல மனிதர். முப்பத்தைந்து வயதிருக்கும், எல்லோருக்கும் தானே காபி கொண்டுவந்து வைப்பார். அன்று அவருக்கு நாங்கள் காட்டியது எதுவும் பிடிக்கவில்லை, பிடிக்கவில்லை என்று சொல்லவும் மனசில்லாமல் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மிருதுளா, விளம்பர வாசகம் எழுதுகிற பெண், நோட்டில் பூ வரைந்துகொண்டிருந்தாள். எனக்கு அது தெரியும், ஒரு அறை கையைவிட்டுப் போவது. இந்தக் கம்பெனி போனால் மதுரை நிகழ்ச்சியும் நாகர்கோவில் நிகழ்ச்சியும் இந்த வருடம் கிடையாது, ஜெஸிந்தாவின் வேலை கிடையாது, அதெல்லாம் உண்மை. ஆனால் அதற்காகச் சொன்னேன் என்று சொன்னால் அது பொய். அப்போது எனக்கு மதுரையும் நினைவில்லை, ஜெஸிந்தாவும் நினைவில்லை. அந்தப் பூ வரைகிற கை நிற்க வேண்டும், அது ஒன்றுதான். 'ஒரு அம்மா இருக்காங்க' என்று ஆரம்பித்தேன். குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டேன். ஏன் இறக்கினேன்? இறக்கத் தெரியும், அதனால். 'எட்டு வருஷம் புருஷனைப் படுக்கையில வச்சுப் பாத்தவங்க. ஒரு நாள்ல அவங்களுக்கே அவங்களுக்குன்னு இருந்த நேரம் எவ்வளவு தெரியுமா? குக்கர் மூணு விசில் வர்ற நேரம். அடுப்பு முன்னாடி சும்மா நிப்பாங்களாம். யாரு கூப்பிட்டாலும் போக மாட்டாங்களாம். மூணு விசில் வரைக்கும்.' பூ நின்றது. பத்ரிநாத் லேப்டாப்பை மூடினார், மூடுகிற சத்தம்கூட வராமல் மெதுவாக மூடினார். மேடைக்குப் பக்கத்தில் இருட்டில் நின்று ஏழு வருடம் நான் பார்த்திருக்கிற மௌனம் அது, யாராவது நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல இருநூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் மௌனம். முதல் தடவையாக அது எனக்குக் கிடைத்தது. எனக்கு. நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் மற்றதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை, நன்றாக இருந்தது. யாரு கூப்பிட்டாலும் போக மாட்டாங்களாம் என்று சொன்னேனே, அதை ஏன் சொன்னேன், அது பாத்ரூமுக்கு ஒரு அடி முன்னால். ஒரு அடி முன்னால் போய் நின்றுவிட்டு, அங்கிருந்து திரும்பிவிட்டேன் என்று என்னை நானே பாராட்டிக்கொண்டேன் போலிருக்கிறது. மறு நாள் மிருதுளா வாசகத்தை அனுப்பிவிட்டாள். 'எனக்காக மூன்று விசில்.' அவ்வளவுதான். பானரில், அழைப்பிதழில், அரங்கின் வாசலில், நாற்காலிக்குப் பின்னால் பன்னிரண்டு அடித் திரையில். தியோடர் சார் பார்த்துவிட்டு, 'நல்லாருக்கே, யாரு எழுதினது' என்றார். 'அவங்க ஆளு சார்' என்றேன். பொய்யில்லை.

போன் மறுபடி. இல்லை, மணி இல்லை, ஒரு குரல் செய்தி. கன்னியம்மாதான். ரிசப்ஷன் பெண்ணுக்குக் கேட்காமல் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். பின்னால் ஏதோ டிவி, குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம். 'அரசி கண்ணு, நீ வேலையா இருக்கபோல. ஒண்ணியும் இல்ல. சுகந்தி அந்தப் பச்ச பொடவைய கட்டுன்றா, எனக்கு அது லைட்டுல பளிச்சுனு அடிக்கும்னு தோணுது, நீ இன்னா சொல்ற. அப்புறம் அந்தப் போஸ்ட்டர அனுப்பு கண்ணு, சுகந்தி ஸ்டேட்டஸ் வெக்கணுமாம். அவ ஆபீஸ்ல எல்லாராண்டையும் சொல்லிக்கினு கீறா, எங்கம்மா மேடை ஏறுதுன்னு. நாலு சீட்டு வேணும். மாப்ள வரேன்றாரு. அவரு வந்தா தூங்கிடுவாரு, ஓரத்துல குடு.' சிரிப்பு. பிறகு சிரிப்பில்லாமல், 'எடுக்கவே மாட்டேன்றியே' என்று ஒரு சொல், யாரிடமும் இல்லாமல், அணைக்கத் தெரியாமல் நீண்டுபோன ஒலிப்பதிவின் கடைசியில். முதல் இரண்டு தடவையாவது நான் வேலையாக இருந்ததால் எடுக்கவில்லை என்று நினைத்திருந்தேன். மூன்று தடவையும் மணி எத்தனை அடித்தது என்று கேட்டால் சொல்லத் தெரியும். எண்ணியிருக்கிறேன். க்கா, க்கா.

போஸ்டரைப் பார்த்தால் என்ன ஆகும். இதைப் பல விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றும் ஆகாது என்பது ஒரு விதம். குக்கர் கம்பெனி, விசில் என்று எழுதாமல் வேறு என்ன எழுதுவான் என்று நினைத்துக்கொள்வார். சுகந்திக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை, மாப்பிள்ளை தூங்கிவிடுவார். உலகத்தில் மூன்று விசில் எல்லார் வீட்டிலும்தான் வருகிறது. ஆனால் கன்னியம்மா தமிழை எப்படிப் படிப்பார் என்று நான் பார்த்திருக்கிறேன். ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த விதிகளை விரல் வைத்து, பஸ் போர்டு படிக்கிற மாதிரி, எழுத்து எழுத்தாக வாய்விட்டுப் படித்தார். எ, ன, க், கா, க என்று சனிக்கிழமை சாயங்காலம் அரங்க வாசலில் பச்சைப் புடவையோடு நின்று அந்த அம்மாள் படிக்கப்போகிறார். மூ, ன், று. பக்கத்தில் சுகந்தி, 'சூப்பரா இருக்குல்லம்மா' என்பாள். அப்போது கன்னியம்மா என்னைத் தேடுவார். கத்த மாட்டார். கத்துகிறவர் இல்லை. என்னைப் பார்ப்பார், அவ்வளவுதான், பிறகு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து மீசைக் கதையைச் சொல்வார், பின்னால் பன்னிரண்டு அடியில் அந்தச் சொல் எரிந்துகொண்டிருக்கும், இருநூறு பேர் சிரிப்பார்கள். பாளையங்கோட்டையில் ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஸ்கூல் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிற பிருந்தா, அவள் அம்மா ராத்திரியில் எழுந்து போய்க் கிணற்றங்கரையில் தனியாகப் பேசிக்கொண்டிருப்பாள் என்று என்னிடம் சொன்னாள். ஒரு நாள் கடைசி சீட்டுப் பெண்கள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து முறுக்கு கொடுத்தார்கள். என்னிடம் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. முறுக்கு தின்றுகொண்டே, அம்மா என்பதை மாற்றி, ஒரு அத்தை என்று சொன்னேன். அன்றும் மாற்றித்தான் சொன்னேன். மறு நாள் பிருந்தா டிரைவருக்குப் பக்கத்தில், எஞ்சின் சூடு அடிக்கிற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள், வருடம் முடிகிற வரைக்கும். அவளுடைய இரட்டைச் சடையின் ரிப்பன் மட்டும் எனக்குத் தெரியும். நான் எப்போதும் மாற்றித்தான் சொல்கிறேன். மாற்றிச் சொன்னால் அது களவில்லை என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள். ஒருவேளை எனக்கென்று ஒன்பது நிமிடத்துக்கு ஒன்றும் இல்லையோ. ஆபீசில் விளையாட்டாக எல்லோரும் ஒரு தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்கள், டீ கொண்டுவருகிற முத்தையாகூட. நான் உட்காரவில்லை. 'அரசி மேடம்ட்ட கேட்டா ஸ்பான்சர் யாருன்னு முதல்ல கேப்பாங்க' என்று முத்தையா சொல்லி எல்லோரும் சிரித்தோம்.

'மேம், சார் வரச் சொன்னார்.' எழுந்தபோது கால் மரத்துப்போயிருந்தது. லிஃப்டில் கண்ணாடி. பொட்டு நடுவில் இல்லை, சரிசெய்யவில்லை. நாலாவது மாடியில் அதே அறை, அதே நீள மேஜை, நாலு பக்கமும் கண்ணாடிச் சுவர். பத்ரிநாத் எழுந்து வந்து, 'ஸாரி மேடம், ரொம்ப நேரம் உக்கார வச்சுட்டேன், காபி? சர்க்கரை கம்மி, ஞாபகம் இருக்கு' என்றார். மிருதுளா பானர் மாதிரியை மேஜை மேல் விரித்து நாலு மூலையிலும் தண்ணீர் பாட்டில் வைத்தாள். ஆரஞ்சு நிறம். நீராவி எழுகிற மாதிரி எழுத்து. அழகாகத்தான் இருந்தது. 'நீங்க ஓகே சொன்னா மத்தியானமே பிரிண்ட் போயிடும்' என்றார். 'இந்த வரி வேண்டாம்' என்றேன். எந்த முன்னுரையும் இல்லாமல் வந்துவிட்டது, எனக்கே அது என் குரல் மாதிரி இல்லை, இறக்கிக்கொள்ள மறந்திருந்தேன். 'எழுத்து சின்னதா இருக்கா?' என்றார். 'இல்ல. அன்னைக்கு உங்ககிட்ட நான் சொன்னது, சொல்லியிருக்கக் கூடாது. அவங்க வெளிய வேண்டாம்னு எடுத்துட்ட ஒண்ணு. எடுத்ததை நான் சொல்லிட்டேன்.' பத்ரிநாத் குனிந்து பானரை இன்னொரு தடவை படித்தார். 'இதுல தப்பா ஒண்ணும் இல்லையே மேடம். எங்கம்மாகிட்ட காட்டினேன், கண் கலங்கிட்டாங்க. இது ஒரு பொம்பளைக்கு மரியாதைதானே?' 'அன்னைக்கு நான் சொன்னது முழுசு இல்ல' என்றேன். மிருதுளா பேனாவை மூடிவிட்டு முன்னால் நகர்ந்தாள். 'மிச்சம் என்ன மேம்?' என்றாள், மிக மெதுவாக. பத்ரிநாத்தும் என்னைப் பார்த்தார். அந்த மௌனம் மறுபடி வந்துவிட்டது, கூப்பிடாமலே, அறை முழுக்க. சொன்னால் போதும். பாத்ரூம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், இந்தப் பெண் தானே இந்தக் காகிதத்தைச் சுருட்டிவிடுவாள், பத்ரிநாத் மன்னிப்புக் கேட்பார், கம்பெனியும் மிஞ்சும், ஜெஸிந்தாவும் மிஞ்சுவாள், வேறு வரி எழுதிக்கொள்ளலாம். வாய்க்குள் எச்சில் ஊறியது. அது வாயோட குணம். 'அதுக்கு மேல எங்கிட்ட இல்ல' என்றேன்.

'நான் மேல என்ன காரணம் சொல்றது?' என்றார் பத்ரிநாத். கோபம் இல்லை, கவலைதான். 'எம்.டி. வரைக்கும் போய் வந்த லைன் இது. இந்த லைன் இல்லேன்னா சனிக்கிழமைக்கு நாங்க எதுக்குன்னு கேப்பாங்க.' 'நான் தப்பு பண்ணிட்டேன்னு சொல்லுங்க. என் பேரைப் போட்டு மெயில் அனுப்பறேன்.' 'அது எனக்குக் காரணம் ஆகாது மேடம்.' காபி வந்தது. யாரும் எடுக்கவில்லை. மிருதுளா நகத்தால் ஆரஞ்சு எழுத்தின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பத்ரிநாத் முகம் தெளிந்தது, நல்ல மனிதர்களுக்கு வருகிற தெளிவு. 'ஒண்ணு பண்ணலாம். அவங்ககிட்டயே கேட்டுடலாமே. இப்பவே. ஸ்பீக்கர்ல போடுங்க, நானே பேசறேன். அம்மா, உங்க வார்த்தை எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, போட்டுக்கட்டுமான்னு கேக்கறேன். சரின்னுட்டாங்கன்னா முடிஞ்சுது.' சரி என்றுதான் சொல்வார். எனக்குத் தெரியும். எக்ஸ்போர்ட் கம்பெனியில் முப்பது வருடம் சூப்பர்வைசர்களுக்குச் சரி சொன்ன குரலில், பெரிய கம்பெனி சார் கேட்கிறார் என்பதற்காக, எந்த வார்த்தை என்று புரிந்த அந்தக் கணத்தில்கூட, சரி சார் என்பார். சொல்லிவிட்டுப் போனை எங்கே வைப்பார், அடுப்பு மேடையிலா. 'அவங்க வேலையா இருப்பாங்க' என்று சொல்ல வாயெடுத்தேன். மேஜை மேல் போன் அதிர்ந்தது. இந்தத் தடவை கவிழ்த்து வைக்கவில்லை. பெயர் மூன்று பேருக்கும் தெரிந்தது. 'பாருங்க, அவங்களே' என்று பத்ரிநாத் சிரித்து, நாற்காலியை மேஜையோடு இழுத்துப் போட்டுக்கொண்டார். மிருதுளாவும் சிரித்தாள். இரண்டாவது மணி வருவதற்குள் எடுத்துக் காதில் வைத்தேன். 'இருங்கம்மா, இதோ' என்றேன். 'எடுத்துட்டியா' என்றது கன்னியம்மாவின் குரல், 'பச்சையா, ஊதாவா?' எழுந்து அறைக்கு வெளியே நடைவழிக்கு வந்தேன். பின்னால் கண்ணாடிக் கதவு, தானே சாத்திக்கொள்கிற கதவு, மெதுவாக வந்து, முழுதும் சேராமல் ஒரு விரல் இடைவெளியில் நின்றது. உள்ளே பத்ரிநாத் மிருதுளாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டு காபியை எடுத்தார். உள்ளங்கையை வைத்து, கொக்கி விழுகிற சத்தம் கேட்கும் வரை அழுத்தினேன்.